ஆறு கோர் லேப்டாப்பும் வெங்காயக் கலர் சேலையும்

ஜனவரி 19

புது நோட்டு, புதுப் பேனா. பேனா இவர் வாங்கி வந்தது, பத்துப் பேனா இருக்கிற டப்பா. கருப்பு மைதான் வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். நீல மையில் எழுதினால் எனக்கு வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி இருக்கும்.

நோட்டு எதற்கென்றால், லேப்டாப் வாங்கப் போகிறேன். எந்தக் கடைக்காரன் என்ன சொன்னான் என்று எழுதி வைக்காவிட்டால் நாலாவது கடையில் என் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அதுவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

பழையது இன்று மூன்றாவது முறை உறைந்து நின்றது. கல்யாணப் போட்டோ நாற்பதை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, குழம்பு தாளித்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து வந்து பார்த்தால் இருபத்தேழாவது படத்திலேயே நிற்கிறது. என் பிழைப்பே இதுதான். உடுமலையில் தனபால் ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்தே படங்களுக்குக் கலர் திருத்துகிறேன். தனபால் எடுப்பான், நான் திருத்துவேன், கோயமுத்தூர் லேப்பில் ஆல்பமாக அச்சாகும். பதினொரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஜனவரி 21

தனபால் வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். சரி, ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

“ஏனுங்க்கா, கடைசி ரெண்டு ஆல்பம் ஒரு மாதிரி வந்துருச்சுங்க. மூஞ்சியெல்லாம் களையே இல்லாம, நீலம் பாரிச்ச மாதிரி இருக்குதுன்னு பொண்ணு வீட்டுல சொல்றாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “லேப்ல கேட்டியா? எட்வின் லீவுல போயிருக்கான்ல. புதுசா வந்தவன் என்ன பண்ணித் தொலைச்சானோ” என்றேன்.

எட்வின்தான் அந்த லேப்பில் பிரிண்ட் போடுகிறவன். நாகர்கோவில் பையன், போனில் பேசியிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. மனைவிக்குக் குறைமாதப் பிரசவம், குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறதென்று பொங்கலுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டான்.

“லேப்ல வந்த ஃபைலைத்தான் போட்டோம்ங்கறாங்க.”

“அப்ப என் லேப்டாப்தான். எட்டு வருசத்துப் பழசு. அது என்ன பண்ணும் பாவம்.”

தனபால் டீயைக் குடித்தான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி எல்லாப் படத்தையும் ஒரே நாளில் திருத்திக் கொடுக்கிறதாம். “நான் இன்னும் பேசலைங்க்கா. வெள்ளகோவில் கல்யாணம் இருக்குது, பெரிய பார்ட்டி. அதை நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்க, அப்பறம் பாக்கலாம்” என்றான்.

அந்த ‘அப்பறம்’ எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆல்பம் சரியாக வராவிட்டால் என் வேலை கம்பெனிக்குப் போகும். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஜனவரி 24

கோயமுத்தூர். பஸ் போர்டில் நம்பர் சரியாகத் தெரியாமல் பல்லடம் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். காலை வெயில் நேரே முகத்தில் அடித்தால் யாருக்குத்தான் தெரியும்?

காந்திபுரத்தில் முதல் கடை. விற்கிறவன் என்னைப் பார்த்ததும் “பசங்க காலேஜுக்குங்களா?” என்றான். எனக்குத்தான் என்றதும் அவன் குரல் மாறிவிட்டது, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற மாதிரி. “இது பத்து கோருங்கம்மா. பத்து கோர்னா பத்து மூளை.”

“பத்தும் ஒரே மாதிரி மூளைங்களா?” என்று கேட்டேன். அவன் மேலாளரைத் தேடிப் போனான்.

ஜனவரி 25

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். பத்து கோரில் இரண்டுதான் பெரியது. மீதி எட்டும் கரண்ட் மிச்சம் பிடிக்கிற சின்னது. கல்யாண சமையலில் பத்துப் பேர் என்று சொல்லிவிட்டு, இரண்டு சமையல்காரரையும் எட்டு வெங்காயம் உரிக்கிறவர்களையும் அனுப்புகிற மாதிரி. உரிக்கிறவர்களும் வேண்டும்தான். ஆனால் கணக்கில் பத்துச் சமையல்காரர் என்று சொல்லக் கூடாதல்லவா?

பேரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கிறது. யூ என்றால் சூடாகாமல் நிதானமாக ஓடுவது. ஹெச் என்றால் வேலைக்காரன், கரண்டும் குடிப்பான், சூடும் ஆவான். இத்தனை நாள் இந்த எழுத்தை நான் கவனித்ததே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜனவரி 27

போர்வெல் தண்ணீரில் இவர் வேட்டியெல்லாம் பழுப்படித்துக் கிடக்கிறது. சொட்டு நீலம் ஒரு மூடி போட்டால் பத்தவில்லை. நாலு மூடி போட்டேன். இப்போதுதான் வெள்ளையாக இருக்கிறது. இவர் எடைமேடையில் வேலை. நாளெல்லாம் லாரிப் புழுதிக்குள் இருக்கிற ஆளுக்கு வெள்ளை வேட்டிதான் வேண்டுமாம்.

ஜனவரி 29

இன்று பென் டிரைவோடு போனேன். அதில் ஒரே கல்யாணத்தின் நாற்பது படம், எல்லாவற்றுக்கும் ஒரே திருத்தம். எந்தக் கடைக்குப் போனாலும் அதைப் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்து, மணி பார்ப்பது என்று முடிவு. வாய்ப் பேச்சு வேண்டாம்.

முதல் கடையில் விடவில்லை. இரண்டாவது கடையில் ஹசீனா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். “தாராளமா போடுங்க ஆன்ட்டி, எனக்கும் பாக்கணும்” என்று அவளே ஸ்டூல் இழுத்து உட்கார்ந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

என் பழையது: பதினொரு நிமிஷம், அதுவும் உறையாமல் இருந்தால்.
பத்து கோர், யூ: நாலு நிமிஷம் ஐம்பது வினாடி.
ஆறு கோர், ஹெச், ஆறும் பெரியது: மூன்று நிமிஷம் பத்து வினாடி.

ஹசீனா சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாள். ஆறு கோர் நாலரை நிமிஷத்துக்கு இறங்கியது. “பாத்தீங்களா? கரண்ட் இருந்தாத்தான் இவன் ஆட்டம்” என்றாள். நான் வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறேன், கரண்ட் இருக்கும். மெமரி எட்டு போதாது, பதினாறாக்கிக்கொள்ளுங்கள் என்றும் அவள்தான் சொன்னாள்.

ஒரு குறை. அந்தக் கடையில் எல்லா ஸ்கிரீனும் டீத்தண்ணி ஊற்றின மாதிரி இருந்தது. சொன்னேன். ஹசீனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். தாளும் அப்படித்தான் இருந்தது. கடை லைட் சரியில்லை.

“எனக்கு இப்ப கலர் தப்பா வருதும்மா. நல்ல ப்ராசசர் போட்டா சரியாயிரும்ல?” என்று கேட்டேன்.

“ப்ராசசர் வேகத்தைத்தான் மாத்தும் ஆன்ட்டி. கலரை மாத்தாது.”

சின்னப் பெண். அவளுக்கு என்ன தெரியும்!

பிப்ரவரி 2

இவர் பங்காளி வீட்டுச் சீருக்குப் போய்விட்டு வந்தார். “ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?” என்றேன். “ஒண்ணுமில்ல புள்ள. ஒருத்தன் கட்சி மாறிட்டயான்னு கேட்டான்” என்றார். இவருக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் பதில் வராது. எடை போடுகிற மனுஷன், வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவார்.

பிப்ரவரி 5

வாங்கிவிட்டேன்! ஆறு கோர், ஹெச், பதினாறு மெமரி. ஐம்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. மிச்சம் ஐந்நூறில் ஹசீனாவுக்கும் எனக்கும் பாதாம் பால்.

பிப்ரவரி 6

மூன்று நிமிஷம் எட்டு வினாடி. கடையைவிட இரண்டு வினாடி சீக்கிரம்!

பிப்ரவரி 14

வெள்ளகோவில் ஆல்பம் முடிந்தது. பழையதில் ஒன்பது நாள் பிடித்திருக்கும், இதில் நாலே நாள். நூற்றுப் பத்துப் பக்கம். எல்லாப் படமும் மஞ்சளாக இருந்தது, தனபால் கேமராவில் என்ன வைத்து எடுத்தானோ. ஒவ்வொன்றையும் வெளுக்க வைத்து அனுப்பினேன். பெண்ணுக்குச் சீர்ச் சேலை கட்டின படங்களுக்கு மட்டும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்தேன். அழகான பெண், அழகான சேலை.

எட்வின் இன்னும் வரவில்லையாம்.

பிப்ரவரி 27

தனபால் போன். அவன் குரலே சரியில்லை. “அக்கா, குடும்பத்துல சண்டை வந்துருச்சுங்க.”

நடந்தது இது. பெண்ணின் தாய்மாமன் பொன்னுசாமி, காங்கேயத்துக்காரர். கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னால் கிணற்று மேட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கை. வர முடியாது என்று ஆனதும், கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்து, படுத்துக்கொண்டே நாற்பது சேலை பிரித்துப் பார்த்து, ஒன்றை எடுத்தாராம். வெங்காயக் கலர் பட்டு, அரக்கு பார்டர். தாய்மாமன் சீர். நான் வராவிட்டாலும் என் சேலை மேடை ஏறட்டும் என்றாராம்.

ஆல்பத்தில் அந்தச் சேலை கத்தரிப்பூக் கலரில் இருக்கிறது என்கிறார்கள்.

“அவரு, நான் குடுத்த சேலையக் கட்டவே இல்லைங்கறாருங்க்கா. வேற சேலையக் கட்டிட்டுத் தன்னைய ஏமாத்திட்டாங்கன்னு தங்கச்சிகூடப் பேச்சை நிறுத்திட்டாரு. போன்ல எடுத்த போட்டோவக் காட்டுனா, போன்ல என்ன வேணா பண்ணலாம், பிரிண்டு போட்ட ஆல்பம் பொய் சொல்லுமாங்கறாரு.”

பிப்ரவரி 28

நானே போனேன். தனபால் வேண்டாம் என்றான். என் வேலையைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்களா? பெண்ணின் அம்மா சரோஜினி வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். காங்கேயத்திலிருந்து மாமனின் மகனும் வந்திருந்தான்.

சரோஜினி சேலையை உள்ளேயிருந்து எடுத்து வந்து ஆல்பத்தின் மேலேயே போட்டார். “நீங்களே பாருங்க்கா. என்ற அண்ணன் முப்பது வருசமா எனக்குப் பொங்கல் சீர் கொண்டாந்தவரு. இந்தப் பொங்கலுக்குப் படுக்கையில இருந்தும் அனுப்பிச்சாரு. இன்னிக்கு என்ற போனை எடுக்க மாட்டேங்கறாரு.”

நான் குனிந்து பார்த்தேன். சேலையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது” என்றேன்.

அவர்கள் சேலையையும் ஆல்பத்தையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். தனபால் தலையைக் குனிந்துகொண்டான். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் பொய் சொல்லவில்லை.

மார்ச் 1

எழுத ஒன்றுமில்லை. வேட்டி துவைத்தேன்.

மார்ச் 3

இதை ஒழுங்காக எழுதவேண்டும். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை பத்து மணி. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் வலது கண்ணைக் கசக்கிவிட்டேன். எரிச்சல் தாங்காமல் ஈரத்துணியை வலது கண்ணில் அமுக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்து, லேப்டாப்பை மூடலாம் என்று போனேன். ஸ்கிரீனில் அந்தச் சீர்ச் சேலைப் படம் திறந்தே இருந்தது. மூன்று நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்ணின் முகம் நீலமாக இருந்தது. சேலை கத்தரிப்பூ.

எனக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். எழுத்துத் தெரியாது, ஆள் வந்தால் நிழல் மாதிரி தெரியும். வேலைக்காகாத கண் என்று அதை நான் கணக்கிலேயே சேர்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க வலது கண் ஒன்றை நம்பித்தான் பிழைத்தேன். அந்த மந்தக் கண்ணுக்குக் கோடு தெரியவில்லை, மூக்கு முழி தெரியவில்லை. ஆனால் கலர் தெரிந்தது.

துணியை எடுத்தேன். எரிந்துகொண்டே வலது கண்ணைத் திறந்து, இடதை மூடினேன். சேலை வெங்காயக் கலர்.

மறுபடி மாற்றினேன். கத்தரிப்பூ. மறுபடி. வெங்காயம்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது என்னவென்று உண்மையாகவே எழுதுகிறேன்: ஆசை. எது எப்படித் தெரிகிறது என்று பார்க்கிற ஆசை. வீடு முழுக்க ஒரு கண்ணை மூடிமூடித் திரிந்தேன். பால் வலதுக்கு டீ மாதிரி, இடதுக்குப் பால். சுவர் வலதுக்கு சந்தனம், இடதுக்கு வெள்ளை. சர்க்கரை, சுண்ணாம்பு, காலண்டர், என் சொந்த உள்ளங்கை, எல்லாவற்றையும் பார்த்தேன். கடையில் ஹசீனா பிடித்த தாள் ஞாபகம் வந்தது. கடை லைட்டில் ஒரு குறையும் இல்லை.

கடைசியில் கொல்லைப்புறம் போனேன். கொடியில் இவர் வேட்டி நாலு காய்ந்துகொண்டிருந்தது. இடது கண்ணால் பார்த்தேன்.

வானத்துக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் இல்லை. அத்தனை நீலம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இவர் வந்ததும், “ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?” என்று சத்தம் போட்டேன். “நீதான் லேப்டாப்பு லேப்டாப்புன்னு அலஞ்சுட்டிருந்தயே. வேட்டி கலரச் சொல்லி உன்ற மனசக் கெடுக்கோணுமா?” என்றார். கட்சி மாறிட்டயா என்று கேட்டதையும் வாங்கிக்கொண்டு, ஒரு மாதமாக நீல வேட்டியோடு எடைமேடையில் நின்றிருக்கிறார் இந்த மனுஷன்.

ஐம்பத்து நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து என்ன செய்திருக்கிறேன்? பழைய தப்பையே மூன்று மடங்கு வேகத்தில் செய்திருக்கிறேன்.

மார்ச் 4

எட்வின் வேலைக்குத் திரும்பிவிட்டான். போன் போட்டேன். குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டதாம். அதைக் கேட்டுவிட்டு, பிறகு கேட்டேன்.

“எட்வின், நான் அனுப்பற படத்தை நீ மாத்துவியா?”

அவன் மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“கோவப்படாதீங்கக்கா. ஒண்ணரை வருசமா கொஞ்சம் நீலம் அதிகமா வரும். உங்க பேர்லயே ஒரு செட்டிங் போட்டு வெச்சிருந்தேன். உங்க ஃபைல் வந்தா அதைப் போட்டு நீலத்தைக் குறைச்சுடுவேன். மொதல்ல நாலு பாயிண்ட்தான். போன டிசம்பர்ல பதினொண்ணு ஆயிடுச்சு. ஊருக்குப் போற அவசரத்துல புதுப் பையன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். என் தப்புதான்க்கா.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க அனுப்பற முகமெல்லாம் அவ்ளோ நல்லா இருக்கும்க்கா. ஒரு சுருக்கத்தைக்கூட ஏமாத்தி அழிக்க மாட்டீங்க. கலரு நான் பாத்துக்கலாம். முகம் எனக்கு வராது.”

ஒன்றரை வருஷமாக என் ஆல்பத்தைப் பார்த்து ஆட்கள் கலரைப் பாராட்டும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிட அதிகமாக வேறென்னவோ இருக்கிறது. போனை வைத்தபிறகும் கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 6

கண் ஆஸ்பத்திரி. புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டதாம், பார்க்கிறதையெல்லாம் மஞ்சளாக்கி நீலத்தை மறைத்துவிடுமாம். டாக்டர் அம்மா, “இதோட எப்படிங்க வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார். “வேகமாச் செஞ்சேனுங்க” என்றேன். 13ஆம் தேதி ஆபரேஷன், காப்பீட்டு அட்டையில் செலவில்லை. நல்ல கண் இந்த ஒன்றுதான் என்று அவரும் இரண்டு முறை சொன்னார். அது எனக்குத் தெரியாதா?

மார்ச் 8

தனபாலிடம் நேரில் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும், எட்வின் விஷயம் உட்பட. மறைத்து வேலை வாங்கிக்கொள்ள எனக்கு வராது.

“எனக்கு வேற வேலை குடுக்க வேண்டாம் தனபாலு. இந்த ஒரு ஆல்பத்தை மட்டும் என் செலவுல மறுபடி பண்ணித் தர்றேன். ஒரு மாசம் டைம் குடு. அதைப் பாத்துட்டுக் கம்பெனிக்குப் போறதா என்னன்னு நீயே முடிவு பண்ணிக்க.”

அவன் கேமரா பெல்ட்டைத் திருகினான். “லேப்ல எட்வின் தொடக் கூடாதுங்க்கா. நீங்க அனுப்பறது அப்படியே வரோணும். சரிங்களா?”

சரி என்றேன். நியாயம்தானே.

மார்ச் 13

கண்ணில் கட்டு. இவர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, தனக்கும்தான் என்று அவராகவே சேர்த்திருக்கிறார்.

மார்ச் 22

இன்றைக்குத்தான் நோட்டைத் திறக்க அனுமதி. திறந்தேன்.

எல்லாப் பக்கமும் நீல மை.

ஜனவரி 19லிருந்து ஒவ்வொரு வரியும் நீலம். முதல் பக்கத்தில் ‘கருப்பு மைதான் வேண்டும்’ என்று நான் எழுதியிருப்பதும் நீலத்தில்தான். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கடையில கருப்பு இல்ல. நீ ஒண்ணும் சொல்லலையா, சரி போகட்டும்னு உட்டுட்டேன்” என்றார். சிரித்துச் சிரித்துப் புதுக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று இவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 4

நூற்றுப் பத்துப் பக்கத்தையும் முதலிலிருந்து திருத்தினேன். தனபால் கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. பாதிப் படங்களை நான் தொடவே தேவையிருக்கவில்லை. எக்ஸ்போர்ட் சரசரவென்று ஓடியது. இந்த லேப்டாப் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

ஏப்ரல் 9

எட்வினிடமிருந்து செய்தி: “அப்படியே போட்டேன்க்கா. ஒரு பாயிண்ட் தொடலை. உங்க பேர்ல இருந்த செட்டிங்க அழிச்சிட்டேன்.”

ஏப்ரல் 12

காங்கேயம் போனோம். நான், தனபால், சரோஜினி. சரோஜினி வாசலுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கூப்பிடாமல் உள்ளே வர மாட்டாராம்.

பொன்னுசாமி கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள் இளைத்துப் போயிருந்தார். “நீதான் அந்தக் கலர்க்காரியா?” என்றார்.

“ஆமாங்க. தப்பு என்ற கண்ணுலங்க. உங்க தங்கச்சி உங்க சேலையத்தான் கட்டி உட்டாங்க. நான்தான் அதைக் கெடுத்துப்போட்டேன்.” சொல்லிவிட்டேன்.

அவர் ஆல்பத்தை வாங்கவில்லை. தலைமாட்டிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்தார். ரவிக்கைக்கு வெட்டினதில் மிஞ்சிய துண்டாம். தையல்காரனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அதைச் சீர்ப் படத்தின் மேல் வைத்தார். நடுங்குகிற விரலால் துண்டைப் பார்டரோடு சேர்த்து நகர்த்தினார். பிறகு ஆல்பத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீ சொல்லு. ஒண்ணா?”

நாற்பது நாளுக்கு முன்னால் இதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னேன். இப்போது வலது கண்ணை மூடி இடதால் பார்த்தேன். இடதை மூடி வலதால் பார்த்தேன். அந்தச் சேலை எத்தனை அழகென்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சின்ன வெங்காயத்தின் மேல்தோலை உரித்ததும் உள்ளே தெரியுமே, அந்தக் கலர்.

“ஒண்ணுதானுங்க” என்றேன்.

அவர் துண்டு முடிகிற இடத்தையும் படம் தொடங்குகிற இடத்தையும் விரலால் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். “ஏ சரோஜா! வெயில்ல என்ன பண்ற? உள்ள வா.”

திரும்பி வந்ததும் தனபால் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தான். “தாராபுரத்துக் கல்யாணங்க்கா. இருபத்தஞ்சாந் தேதிக்கு வேணும்” என்றான்.

ஏப்ரல் 13

காலையில் வேட்டி அலசினேன். நீலம் ஒரே மூடி. கொடியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.